நுரை வந்தால் அழுக்கு போய்விடுமா? வீட்டுக் குறிப்பு வீடியோக்களின் வேதியியல்

ஆப்பசோடாவைக் கொட்டி வினிகரை ஊற்றினால் சிங்க் அடைப்பு நீங்கும் என்கிறது ஒரு வீடியோ. இரண்டையும் கலந்தால் ஒன்றுக்கும் உதவாது என்கிறது அடுத்தது. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால் டாய்லெட் பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒருவர் செய்தே காட்டுகிறார். அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை வருகிறது. அதே வாட்ஸ்அப்பில்தான் தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வைத்து வீட்டிலேயே சோப்பு காய்ச்சும் முறையும் வருகிறது. எதை நம்புவது, எதை விடுவது?

ஒவ்வொரு குறிப்பாகச் சரிபார்த்து மாளாது. ஆனால் இந்த வீடியோக்களில் திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பன்னிரண்டு பொருட்கள்தான். அவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டால், எந்தக் குறிப்பு வேலை செய்யும், எது வெறும் காட்சி, எது ஆபத்து என்பதைப் பெரும்பாலும் நாமே சொல்லிவிடலாம். முதலில் அந்த மூன்று குடும்பங்களைப் பார்ப்போம்.

## அமிலம், காரம், வெளுப்பான்

1. அமிலங்கள். புளி, எலுமிச்சை, வினிகர், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் ஆகியவை மென்மையானவை. பாத்ரூம் கழுவ விற்கும் ஆசிட்டும் பெரும்பாலான டாய்லெட் கிளீனர்களும் கடுமையானவை. அவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் ஊர் டாய்லெட் கிளீனர்களில் சுமார் 10 சதவீதம். அமிலம் தாதுக் கறைகளைக் கரைக்கும். போர்வெல் தண்ணீர் குழாயிலும் டைல்ஸிலும் விட்டுப்போகும் வெள்ளை உப்புக்கறை, கெட்டிலின் அடியில் ஏறும் சுண்ணாம்பு, குத்துவிளக்கின் கறுப்பு, துரு எல்லாம் இதில் அடக்கம். எண்ணெய்ப் பிசுக்கை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

2. காரங்கள். ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், இவற்றில் மிக மென்மையானது. வெண்காரமும் சலவைச் சோடாவும் அதைவிடக் கடுமை. சுண்ணாம்பும் சிமெண்டும் இன்னும் கடுமை. உச்சியில் இருப்பது காஸ்டிக் சோடா. அடைப்பு எடுக்க விற்கும் தூள்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். காரத்தின் வேலை எண்ணெயிலும் கொழுப்பிலும். கடுமையான காரம் கொழுப்பைச் சோப்பாகவே மாற்றிவிடும். நம் தோலிலும் கொழுப்பு உண்டு. கார நீர் கையில் பட்டால் வழவழவென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

3. குளோரின் வெளுப்பான்கள். பாட்டிலில் வரும் ப்ளீச் திரவம் சோடியம் ஹைபோகுளோரைட். தண்ணீர்த் தொட்டியில் போடும் ப்ளீச்சிங் பவுடரில் வேலை செய்வது கால்சியம் ஹைபோகுளோரைட். இவை கறையைக் கரைப்பதில்லை. நிறத்தைச் சிதைக்கின்றன, கிருமியைக் கொல்கின்றன. ஒரு விஷயத்தை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்: ப்ளீச் ஒரு காரக் கரைசலாக இருக்கும் வரைதான் அடங்கிக் கிடக்கும். அதனால்தான் தயாரிக்கும்போதே அதைக் காரமாக வைக்கிறார்கள். அந்தக் காரத்தன்மையைப் பறித்தால் என்ன ஆகும் என்பது கொஞ்சம் தள்ளி வருகிறது.

ஒரு பொருள் எந்தக் குடும்பம் என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு கிடைக்கும். அதில் சில துளி எலுமிச்சை விட்டால் ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகும். ஆப்பசோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். ப்ளீச் விட்டால் நிறமே காணாமல் போய்விடும். மூன்று குடும்பத்தையும் ஒரே பூ காட்டிக்கொடுத்துவிடுகிறது. மஞ்சளும் இப்படித்தான்: மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அது காரத்தின் வேலை. சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவந்துபோவதும் அதேதான். சோதனைக்கு ஒரு துளி போதும். ஆசிட் பாட்டிலையும் காஸ்டிக் சோடாவையும் மட்டும் இப்படிச் சோதிக்க வேண்டாம்; அவற்றுக்கு லேபிளைப் படிப்பதே போதும்.

## பொங்கி வரும் நுரை என்ன வேலை செய்கிறது?

இணையத்தின் செல்லப் பிள்ளை ஆப்பசோடாவும் வினிகரும்தான். கலந்தவுடன் நுரை பொங்குகிறது. பார்க்கிறவருக்கு அழுக்கைப் பெயர்த்துத் தள்ளுவது போலத் தெரிகிறது.

நடப்பது என்ன? வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொள்கின்றன. மிஞ்சுவது தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, சோடியம் அசிடேட் என்ற ஒரு சாதுவான உப்பு. நுரையில் உள்ள வாயு, சோடா பாட்டிலைத் திறந்தால் வருமே, அதேதான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம். 84 கிராம் சோடாவுக்கு 60 கிராம் அமிலம் என்பது இந்த வினையின் அளவு. அதாவது ஒரு டீஸ்பூன் சோடா, சுமார் 5 கிராம், 5 சதவீத வினிகரில் ஏறத்தாழ 70 மில்லியைச் செயலிழக்க வைத்துவிடும். சரியான அளவில் கலந்தால் உப்புக்கறையைக் கரைக்க அமிலமும் இருக்காது, பிசுக்கை எடுக்கக் காரமும் இருக்காது. அளவு தவறினால் ஏதாவது ஒன்று மிஞ்சும். வீடியோவில் கறை போயிருந்தால், அப்படி மிஞ்சியதாலும் கையால் தேய்த்ததாலும்தான் போயிருக்கும்.

இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல பொருட்கள். சோடாவின் துகள் மென்மையானது. ஸ்டீல் சிங்க்கில் ஈரத்துணியால் தொட்டுத் தேய்த்தால் கீறாமல் பிசுக்கை எடுக்கும். கழுவிவிட்டு, குழாயைச் சுற்றியுள்ள உப்புக்கறை மேல் வினிகர் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் கறை இளகும். வரிசையாகச் செய்ய வேண்டியதை ஒரே கிண்ணத்தில் கலந்து காட்டுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தனித்தனியாகச் செய்தால் நுரை வராது. நுரை வராவிட்டால் வீடியோவுக்கு என்ன இருக்கிறது?

சிங்க் அடைப்புக்கும் இதே பதில்தான். திறந்த குழாயில் உண்டாகும் வாயு மேலே வந்துவிடும்; அடைத்துக்கொண்டிருக்கும் கொழுப்புக் கட்டியைத் தள்ள அதற்கு அழுத்தம் கிடையாது. கடைசியில் ஊற்றச் சொல்லும் வெந்நீர்தான் கொஞ்சம் வேலை செய்கிறது. அதையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது: பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். ரப்பர் பம்ப் வைத்து அழுத்துவதும், கீழே இருக்கும் கப்பைக் கழற்றிக் கழுவுவதும் இதைவிட எவ்வளவோ மேல்.

## பாத்ரூமில் பிறக்கும் வாயு

சோடா வினிகர் விஷயத்தில் நஷ்டம் கொஞ்சம் வினிகரோடு முடிந்துபோகும். அடுத்தது அப்படி முடியாது.

ப்ளீச் காரமாக இருக்கும் வரை அடங்கிக் கிடக்கும் என்று பார்த்தோம். அதில் அமிலம் சேர்ந்ததும் ஹைபோகுளோரைட் மாறி, குளோரின் வாயு வெளியே வருகிறது. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தாழ்வான இடத்தில் தேங்கும். நான்கு அடிக்கு ஆறு அடி பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்ப்பவரின் முகம் அந்த உயரத்துக்குத்தான் வருகிறது. கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிறது.

வேண்டுமென்றே யாரும் இதைச் செய்வதில்லை. வீடுகளில் இது நேர்வது பெரும்பாலும் இப்படி:

1. டாய்லெட் கிளீனரை ஊற்றி, கறை போகவில்லை என்று மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவுவது. இரண்டு வலுவான பொருள் சேர்ந்தால் வலு கூடும் என்ற நினைப்பு. மேலே சொன்ன வீடியோ காட்டுவதும் இதைத்தான்.

2. காலையில் ஒன்று, சற்று நேரம் கழித்து இன்னொன்று. டாய்லெட் கோப்பையின் வளைவில் தண்ணீர் தேங்கியே நிற்கும் என்பதால், சரியாக ஃப்ளஷ் செய்யாவிட்டால் முதலில் ஊற்றியது அங்கேயே காத்திருக்கும்.

3. இயற்கைப் பொருள்தானே என்று வினிகரையோ எலுமிச்சையையோ ப்ளீச்சோடு சேர்ப்பது. பயோ என்சைமும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்று ஊறவைத்து மூன்று மாதம் நொதிக்க விடுகிறார்களே, அதன் முடிவில் கிடைப்பது நல்ல புளிப்பான அமிலக் கரைசல். உப்புக்கறையில் அது வேலை செய்யக் காரணமும் அந்த அமிலம்தான். தனியாகப் பயன்படுத்தினால் தொந்தரவில்லை. ப்ளீச் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. இன்னொன்று, நொதிக்கும்போது வாயு உண்டாகும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்துவிடாவிட்டால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிப் பாட்டிலில் போடவே வேண்டாம்.

4. ப்ளீச்சோடு அம்மோனியா. சில கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா இருக்கிறது. இந்தச் சேர்க்கையில் வருவது குளோரமின் என்ற வேறு நச்சு வாயு. கழுவாமல் விட்ட சிறுநீர்க் கழிப்பிடத்தில் ப்ளீச் ஊற்றினால் மூக்கைக் குத்தும் நெடி எழும்புவதும் இதனால்தான்.

நெடி வந்துவிட்டால், கலந்ததை எடுக்கவோ அதன் மேல் வேறெதையாவது ஊற்றிச் சரிக்கட்டவோ முயலாமல் உடனே வெளியேறிவிட வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் திறந்த வெளிக்குப் போய்விடுங்கள். கண் எரிந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மூச்சு இறுக்கம், நிற்காத இருமல் இருந்தால் 108. அப்போதைக்குச் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டலாம். நிறைய சுவாசித்திருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுவதே சரி.

## கீழே என்ன கல்?

அமெரிக்காவில் எடுத்த வீடியோவை நம் ஊர்ச் சமையலறையில் செய்யும்போது வருகிற ஒரு சிக்கல் இது. எந்த அழுக்குக்கு என்ன பொருள் என்று வீடியோ சொல்லும். உங்கள் மேடை எந்தக் கல் என்று அதற்குத் தெரியாது.

கிரானைட்டுக்கு வினிகரால் உடனே பெரிய கேடு வராது. ஆனால் பழைய வீடுகளின் சமையல் மேடையிலும் அலமாரித் தட்டுகளிலும் இருக்கும் கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக் கல். பளிங்கும் கோட்டா கல்லும் அதே இனம். மொசைக் தரையில் பதித்திருப்பது பளிங்குச் சில்லு, பிடித்து வைத்திருப்பது சிமெண்ட். இவை எல்லாமே அடிப்படையில் கால்சியம் சேர்மங்கள். உப்புக்கறையைக் கரைக்கும் அமிலம் இவற்றையும் அதே போலக் கரைக்கும், அதற்குக் கறை எது கல் எது என்று வித்தியாசம் தெரியாது. எலுமிச்சை மூடியை ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்த இடத்தில் கடப்பா கல் வெளிறி, பாலிஷ் போய் நிற்கும். அது கறை என்று நினைத்து மறுபடி வினிகர் போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, இடையில் நிரப்பிய சிமெண்ட் கோடுதான் அரிக்கும்.

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பது நல்ல வேதியியல். தேய்த்துவிட்டு ஊற விட்டுவிடுவதுதான் கூடாது: பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அமிலம் இழுத்துக்கொண்டால், செம்பின் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும்.

## மெய்யாகவே வேலை செய்யும் ஒன்று

எல்லா வீடியோவும் ஏமாற்று என்று சொல்வது நியாயமாக இருக்காது. கறுத்துப்போன வெள்ளிக் கொலுசை அலுமினியத் தாளில் வைத்து, ஆப்பசோடா போட்டு, கொதிநீர் ஊற்றினால் வெளுக்கிறது என்பார்களே, அது உண்மை. காரணமும் அழகானது.

வெள்ளி கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களால். மேலே படிவது சில்வர் சல்ஃபைடு. பற்பசையோ பவுடரோ போட்டுத் தேய்த்தால் அந்தப் படலத்தோடு சேர்த்து வெள்ளியையும் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறோம். அலுமினிய முறையில் சுரண்டல் இல்லை. கந்தகத்தின் மேல் அலுமினியத்துக்கு வெள்ளியைவிட நாட்டம் அதிகம். சூடான சோடாக் கரைசல், அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு தோலைக் கரைத்துவிட்டு மின்னோட்டத்துக்கும் வழி விடுகிறது. கந்தகம் இடம் மாற, வெள்ளி இருந்த இடத்திலேயே மீண்டும் வெள்ளியாகிறது. லேசாக அழுகிய முட்டை வாசம் வந்தால் வினை நடக்கிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும்.

கொலுசு தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாத பகுதி சரியாக வெளுக்காது. முத்தும் ஒட்டிய கல்லும் வைத்த நகையை இதில் போடக் கூடாது. வேலைப்பாடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு நகையையும் போடக் கூடாது, அந்தக் கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

## சோப்பு காய்ச்சுதல்: கப்புக் கணக்கு ஏன் ஆபத்து

சுத்தம் செய்வதில் அளவு தவறினால் பெரும்பாலும் வேலை நடக்காது, அவ்வளவுதான். பொருள் செய்வதில் அளவு தவறினால், தவறு அந்தப் பொருளுக்குள்ளேயே தங்கிவிடும். சோப்பு இதற்கு நல்ல உதாரணம்.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. நன்றாக நடந்து முடிந்தால் சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சியிருக்காது. ஆனால் ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவை வேறு. 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 91 கிராம் வேண்டும். அதே அளவு கடலை எண்ணெய்க்கு 68 கிராம்தான். விளக்கெண்ணெய்க்கு 64. தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன குறிப்பில், விலை குறைவு என்று கடலை எண்ணெயை மாற்றிப் போட்டால் 20 கிராமுக்கு மேல் காஸ்டிக் சோடா சோப்புக்குள் மிஞ்சும். அது தோலைப் புண்ணாக்கும் கட்டி. பார்க்க நல்ல சோப்பு போலவே இருக்கும்.

எண்ணெயை மாற்றாவிட்டாலும் ஒரு பொறி இருக்கிறது. நாம் எண்ணெயை லிட்டரில் வாங்குகிறோம். சோப்புக் குறிப்புகள் கிராமில் இருக்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெயும் கிட்டத்தட்ட அப்படித்தான்; 500 மில்லி என்பது 460 கிராம்கூட வராது, அதற்குத் தேவை 84 கிராம்தான். பாதுகாப்புக்காக 5 சதவீதம் எண்ணெய் மிஞ்சும்படி காஸ்டிக் சோடாவைக் குறைத்துப் போடுவது சோப்பு செய்பவர்களின் வழக்கம். அப்படிக் குறைத்தால் 500 கிராமுக்கு 87 கிராம் வரும். மில்லியையும் கிராமையும் ஒன்றாக நினைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய், 3 கிராம் அதிகமாகவும் ஆகிவிடுகிறது. கப்பிலும் ஸ்பூனிலும் அளவு சொல்லும் சோப்பு வீடியோவை அங்கேயே மூடிவிடலாம். கிராம் காட்டும் சிறிய எடைக் கருவி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இன்னும் மூன்று விஷயங்கள், சுருக்கமாக:

1. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே இடத்தில் சூடேறித் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாகும்.

2. அலுமினியப் பாத்திரமும் கரண்டியும் ஆகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். அது தீப்பிடிக்கக் கூடியது. ஸ்டீல் பாத்திரம் போதும்.

3. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் வேண்டும். கண்ணில் காரம் படுவது அமிலம் படுவதைவிட ஆழமாகப் பாதிக்கும். பட்டால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வினிகர் ஊற்றிச் சமன்செய்கிறேன் என்று இறங்கக் கூடாது.

அச்சில் ஊற்றியதை ஒரு நாளில் வெட்டலாம், நான்கு முதல் ஆறு வாரம் காயவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகளோடு செய்ய நினைப்பவர்களுக்கு உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டி கடைகளில் கிடைக்கிறது. அதில் காஸ்டிக் சோடா வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது.

## ரெசினும் சிமெண்டும்

எபாக்சி ரெசின் நகைகளும் சாவிக்கொத்துகளும் இப்போது வீட்டுத் தொழிலாகவே ஆகிவிட்டன. இதிலும் அளவுதான் எல்லாம். ரெசின் என்ற திரவப் பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சேர்ந்து ஒரே வலையாகப் பின்னிக்கொள்வதுதான் இறுகுதல். ஒன்று அதிகமானால் மிஞ்சியது பின்னலில் சேராமல் பிசுபிசுவென்றே நிற்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் நேர்மாறாக நடக்கும். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்று பாருங்கள், இரண்டும் வேறு.

இறுகும்போது வெப்பம் வரும். அச்சில் மெல்லியதாகப் பரவினால் வெப்பம் வெளியேறிவிடும். ஒரே கப்பில் நிறைய கலந்து வைத்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் வினையை இன்னும் வேகப்படுத்தி, கப்பு உருகிப் புகையும் அளவுக்குப் போகும். வெறும் கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் ஒவ்வாமை வரலாம், ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும்.

துணியை வெள்ளைச் சிமெண்டில் முக்கிப் பூந்தொட்டி செய்யும் வீடியோவில் பெரும்பாலும் வெறும் கைதான் தெரியும். ஈரச் சிமெண்டின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 12க்கு மேல்; 7க்கு மேல் போனாலே காரம். எரிச்சல் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் புண் தெரியும். கையுறை விலை ஐம்பது ரூபாய்கூட இல்லை.

## வீடியோ எதைக் காட்டுகிறது, எதை விடுகிறது

2019 ஆகஸ்டில் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் இரண்டு சிறுமிகள் தகர டப்பாவில் ஆல்கஹாலை எரித்துப் பாப்கார்ன் பொரிக்க முயன்றார்கள். ஆல்கஹால் ஆவி தீப்பற்றி வெடித்தது. 14 வயதுச் சிறுமி இரண்டு வாரத்தில் இறந்தார். புகழ்பெற்ற ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்ததாகச் சொல்லப்பட்டது. அதை எடுத்தவரோ தம் முறை வேறு, சிறுமிகள் செய்தது வேறு என்றார். அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கேள்வி மாறவில்லை. திரியும் மூடியும் உள்ள ஆல்கஹால் விளக்குக்கும் திறந்த டப்பாவில் ஊற்றிய ஆல்கஹாலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சில நிமிட வீடியோ எங்கே சொல்கிறது?

மரப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி, மின்னல் கிளை போலக் கோடு எரிக்கும் கலை இன்னொன்று. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிச் செய்வார்கள். அதிலிருந்து வருவது 2000 வோல்ட் வாக்கில். தொட்டால் தப்புவது அரிது. பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடை செய்திருக்கிறது. ஆஸ்திரேலிய உணவு அறிவியலாளர் ஆன் ரியர்டன் இந்த ஆபத்தை விளக்கி வெளியிட்ட வீடியோவை 2022-ல் யூடியூப் நீக்கிவிட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு திரும்பப் போட்டது. செய்முறை வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்க, எச்சரிக்கை வீடியோ நீக்கப்பட்டது. ஆக, ஆபத்தானதை எப்படியும் தளமே எடுத்துவிட்டிருக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

மற்ற வீடியோக்களில் பெரும்பாலும் இத்தனை பெரிய விஷயம் இல்லை, வெட்டுதல்தான். கறைக்கும் பளபளப்புக்கும் நடுவே ஒரு வெட்டு இருக்கும். அந்த இடைவெளியில் எத்தனை நிமிடம், எவ்வளவு தேய்ப்பு, வேறென்ன பொருள் என்பது தெரியாது. ஒரே ஷாட்டில், நேரம் ஓடுவது தெரிய, அளவு சொல்லிச் செய்பவரை நம்பலாம்.

## தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

1. இதில் வரும் ஒவ்வொரு பொருளும் எந்தக் குடும்பம்? அமிலமும் காரமும் சேர்ந்தால் பெரும்பாலும் வீண், காஸ்டிக் சோடாவோடு அமிலம் சேர்ந்தால் தெறிக்கும். ப்ளீச் பட்டியலில் இருந்தால் கூட இருக்கக் கூடியது தண்ணீர் மட்டும்.

2. நான் எடுக்க நினைப்பது எண்ணெயா, உப்பா, நிறமா? அதற்கும் பொருளுக்கும் பொருத்தம் இருக்கிறதா?

3. கீழே இருப்பது என்ன: டைல்ஸா, கடப்பாவா, பித்தளையா, பெயிண்டா? மறைவான ஒரு மூலையில் ஒரு துளி விட்டுக் கால் மணி நேரம் பார்த்தால் பதில் கிடைக்கும்.

4. சூடு, நெருப்பு, மின்சாரம், காஸ்டிக் சோடா இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் அளவு கிராமில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தவறிப்போனால் என்ன செய்வது என்பதும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத குறிப்பைச் செய்யக் கூடாது.

5. மிஞ்சியதை எங்கே வைக்கப் போகிறேன்? தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஆசிட், ப்ளீச், வீட்டில் கலந்த கிளீனர் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் சகஜம், குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவதும் அதனால்தான். வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். வீட்டில் கலந்தது என்றால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிஞ்சியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றிவிடுங்கள். ரெசின் மட்டும் விதிவிலக்கு: அது இறுகிய பிறகு குப்பைக்குப் போகட்டும், சிங்க்கில் ஊற்றினால் எந்த வீடியோவைப் பார்த்தும் அந்த அடைப்பை எடுக்க முடியாது.